சுவரோர நாற்காலி

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே தெரியாது. கொசு அக்கா என்று கேட்க வேண்டும். எப்போதோ ஒரு பெரிய உடம்புக்காரர், ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே வியர்த்துப் போகிறவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு, எப்ப குத்துவீங்க எப்ப குத்துவீங்க என்று முனகிக்கொண்டிருந்தார். அவள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, எழுந்து போகலாம் என்றாள். அவர் நம்பவில்லை. குழாயில் தன் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார். கொசு கடித்தால்கூட இதைவிட உறைக்குமே என்று வரிசையில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

வெளியில் சிரித்து ஒதுக்கினாலும் உள்ளுக்குள் அந்தப் பெயரை அவள் நகை மாதிரி பூட்டி வைத்திருந்தாள். மற்றபடி பெருமைப்பட்டுக்கொள்ளத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பது அவள் எண்ணம். பெரிய படிப்பு இல்லை, பேசத் தெரியாது, பிள்ளை இல்லை. நாலு பேர் கூடின இடத்தில் இருக்கிறாளா இல்லையா என்று யாரும் தேட மாட்டார்கள். ஆனால் யாராவது கையை நீட்டிவிட்டால் அவள் வேறு ஆள்.

ரத்தம் எடுக்க அங்கே இரண்டு நாற்காலிகள். ஒன்று ஜன்னல் பக்கம், அது அவளுடையது. மற்றது சுவரோரம். வருகிறவர் எந்த நாற்காலிக்குப் போவது என்று சொல்வது மூத்தவளான அவளுடைய வேலை. வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்து நடந்து வருவதற்குள், சட்டைக் கையின் விளிம்புக்குக் கீழே தெரிகிற ஒரு சாண் தோலைப் பார்த்தே அவள் கணித்துவிடுவாள். இது கயிறு மாதிரி புடைத்த நரம்பு, யார் குத்தினாலும் வரும். இது மெலிந்தது, ஊசி பட்டதும் நழுவும். இது குத்துப்பட்டுக் குத்துப்பட்டுச் சலித்துப்போனது, உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கஷ்டமான கைகளை எல்லாம் அவள் ஜன்னல் பக்கம் தன்னிடம் அழைத்துக்கொள்வாள். சுலபமானவை சுவரோரம் போகும். வருஷக்கணக்காக அங்கே நடைமுறை அப்படித்தான். யாரும் சொல்லி வைத்ததல்ல. அவளாக வைத்துக்கொண்டது.

வலி ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். காலையில் எழுந்து பல் துலக்கப் போனவளுக்குப் பற்பசையை அமுக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவே இல்லை. கை இரவு முழுக்க ஈரமண்ணில் கிடந்து இறுகிப்போனது போல இருந்தது. ராத்திரி கையின் மேல் படுத்துவிட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாரம் போனது. சமாதானம் தீர்ந்துபோனது, வலி தீரவில்லை. விரல்களின் அடிமுட்டிகள் வீங்கி, மோதிரம் கழன்று வர மறுத்து, கடைசியில் சோப்பும் கண்ணீருமாகக் கழற்ற வேண்டியிருந்தது.

ஊரின் மறுகோடியில், தெரிந்த முகம் ஒன்றும் வராத ஒரு மருத்துவரிடம் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். முடக்குவாதம், உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி என்றார். முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. அந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அதையும் அவள் தன் இடத்தில் செய்துகொள்ளவில்லை. வேறெங்கோ போய், தெரியாத ஒருத்தரிடம் கையை நீட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்பாள்.

இதில் ஒரு கொடுமை இருந்தது. வெறும் வயிற்றோடு வருகிற காலைக் கூட்டம்தான் அந்த நிலையத்தின் பிழைப்பு. விடிந்ததும் வரிசை கட்டிவிடும், வெயில் ஏறும்போது கலைந்துவிடும். அவள் வியாதியும் காலை வியாதி. மத்தியானம் ஆனால் அவள் விரல்கள் ஊசியில் நூல் கோக்கும், மாலையில் காய் நறுக்கும், கதவின் பிடியைத் திருகும். காலையில் மட்டும் அவள் எழுந்தாலும் கை எழுந்திருக்காது. வேலை கேட்கிற நேரத்தில் கை இல்லை. கை இருக்கிற நேரத்தில் வேலை இல்லை.

ஆகவே எல்லோரும் தூங்கும்போதே எழுந்தாள். அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, இரண்டு கையையும் அமிழ்த்தி, ஆறினதும் மறுபடி ஊற்றி, சுருட்டிய துணியை மெல்ல மெல்லப் பிசைந்து விரல்களை ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கூட்டி வருவாள். ராத்திரி மணிக்கட்டில் கட்டுகிற பட்டையை யார் கண்ணிலும் படாமல் தலையணை உறைக்குள் செருகி வைப்பாள். கரண்டிக் காம்புக்குத் துணி சுற்றிவிட்டாள். பொத்தானுக்கு மட்டும் ஒரு வழியும் இல்லை. வெள்ளை மேல்கோட்டின் பொத்தான்களைக் கணவர்தான் போட்டுவிட வேண்டும். அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். இரைச்சலிலேயே காலம் தள்ளியதாலோ என்னவோ, வீட்டில் பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் செலவு செய்வார். குனிந்து கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்ததும், "மகாராணிக்கு வேற ஏதாவது?" என்பார். அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். அதற்கு மேல் அவர் இரக்கப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது.

நிலையத்தில் யாருக்கும் தெரியாது. சொல்லலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு. நினைக்கும்போதே, தனக்கு முன்னால் அந்த ஜன்னல் நாற்காலியில் இருந்த அம்மாள் ஞாபகத்துக்கு வருவாள். கடைசிக் காலத்தில் அவளுக்குக் கை நடுங்கியது. மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே அதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். கூடச் சிரித்தவர்களில் இவளும் ஒருத்தி. அந்தச் சிரிப்பின் சத்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுவரோர நாற்காலிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். நாற்பதைத் தொடுகிற வயது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் தலையெடுத்ததும் திரும்பி வந்திருக்கிறாள். கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள். வாய் ஓயாதவள். தன் மாமியார் குறட்டை, தன் தலையில் முளைத்த நரை, எதைப் பற்றியும் சிரிக்கத் தெரிந்தவள். முதல் நாளே, "அக்கா, உங்க பேரைக் கேட்டுப் பயந்தே போய்ட்டேன், கொசு மருந்து அடிச்சுட்டு வரணுமோன்னு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் முதல் கையில் ஊசி போட்டதை ஓரக்கண்ணால் பார்த்ததுமே கொசு அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல கை. இத்தனை வருஷம் சும்மா கிடந்தும் மறக்காத கை. தோலை இழுத்துப் பிடிக்கிற இடது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தயங்குகிறது, நாளாவட்டத்தில் சரியாகிவிடும்.

ஒரு நாள் காலை குளிர் அதிகம். வெந்நீரும் துணியும் எவ்வளவு கெஞ்சியும் விரல்கள் இறங்கி வரவில்லை. வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து வந்தாள். கைத்தோல் காகிதம், அதன் அடியில் நூல் மாதிரி நரம்பு. ஜன்னல் பக்கத்துக்கென்றே செய்த கை. கொசு அக்கா வாயைத் திறந்தபோது, "அந்தச் சுவரோர நாற்காலிக்குப் போங்கம்மா" என்று வந்தது. சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. புதியவள் இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. கிழவி முனகிக்கொண்டே போனாள். புதியவளுக்கும் பழக வேண்டாமா, கஷ்டமான கையைத் தொடாமல் எப்படிப் பழகும் என்று கொசு அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நியாயமான பேச்சுதான். யாரும் கேட்காதபோதே ஒருத்தி தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்கிறாள் என்றால் அது எதற்கு என்பது வேறு விஷயம்.

அடுத்த நாள் ஒரு குழந்தை. அதற்கடுத்து, மாதக்கணக்காக மருந்து ஏற்றி நரம்பெல்லாம் கருகிப்போன ஒரு பெண். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அதே கண், அதே ஒரு சாண் தோல், அதே கணிப்பு. வழி மட்டும் மாறிவிட்டது. கயிறு மாதிரி புடைத்த கைகள் ஜன்னல் பக்கம் வந்தன. அவற்றில் வலியோடும் குத்திவிடலாம், விறைத்த விரலோடும் உறிஞ்சிவிடலாம். எழுந்து போகிறவர்கள் வழக்கம்போல, கொசு அக்கான்னா கொசு அக்காதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நழுவுகிற கை, ஒளிகிற கை, அழுகிற கை எல்லாம் சுவரோரம் போயின.

புதியவளுக்கும் ஒரு பெயர் ஒட்ட அதிக நாள் ஆகவில்லை. கடப்பாரை. யார் வைத்தது என்று தெரியாது. வாரம் ஒரு முறை வருகிற சர்க்கரை நோயாளிகளின் கோஷ்டி ஒன்று உண்டு. பொழுது போகாத பெரியவர்கள். ஒருவர் உள்ளே நுழைந்ததும் மற்றவர், "இன்னிக்கு உங்களுக்கு யாரு, கொசுவா கடப்பாரையா?" என்பார். கொசு அக்காவின் காதில் அது விழும். அவள் குழாய்களின் மேல் ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள். நிமிர மாட்டாள். புதியவளின் காதிலும் விழுந்தது. ஆரம்பத்தில் அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. மாமியாரின் குறட்டைக் கதை நின்றது. ஒவ்வொரு ஆளைத் தொடுவதற்கு முன்னாலும் கையை மேல்கோட்டில் துடைத்துக்கொள்ளத் தொடங்கினாள். உள்ளங்கை வியர்க்கிறவர்கள் செய்கிற காரியம் அது.

நிலையத்தின் பொறுப்பு ஒரு டாக்டரம்மாவிடம். கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. ஒரு நாள் கூட்டம் கலைந்த பிறகு கொசு அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். புதியவளைப் பற்றி நிறைய புகார், பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நீதான், அவளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று கேட்டார்.

இதுதான் அந்த இடம். சொல்லியிருக்கலாம். அவளுக்கு வருகிற கைகளை எல்லாம் பொறுக்கி அனுப்புவது நான்தான் என்று ஒரே வாக்கியம். கொசு அக்கா மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். டாக்டரம்மா அந்த மௌனத்தைத் தயவு தாட்சண்யம் என்று எடுத்துக்கொண்டார். கூட வேலை பார்க்கிறவளைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் நிற்கிறாள் என்று.

"பரவால்ல, மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"கை இன்னும் படியல, மேடம்" என்றாள் கொசு அக்கா.

பொய்கூட இல்லை. யாருடைய கை என்று அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்தபோது நடைபாதைக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. வழக்கமான முகமாகவே இருந்தது. அதுதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், புதியவள் அவளிடம் வந்தாள். மாத முடிவோடு கணக்கை முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று அவளுக்கும் வாடை அடித்திருந்தது. செருப்புக் கடை ஒன்றில் பணம் வாங்கிப் போடுகிற வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், அங்கே போய்விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். பிறகு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே, வீட்டில் பழகிப் பார்த்ததைச் சொன்னாள். தினமும் சாயங்காலம் கணவனை உட்கார வைத்து, அவன் கையில் குத்திக் குத்திப் பார்க்கிறாளாம்.

"அவருக்கு நல்ல நரம்புக்கா. மொத தடவையே வந்துடுது. ஆனா அதை நம்பிக் காலைல இங்க வந்தா எதுவுமே வர மாட்டேங்குது. என் கைலதான் ஏதோ கோளாறுன்னு மறுபடி அவரை உக்கார வைக்கிறேன். ரெண்டு கையும் நீலம் பூத்துப் போச்சு. இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுட்டு வேலைக்குப் போறாரு. கேட்டா, பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறேன்னு சொல்லிட்டிருக்காராம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொசு அக்காவால் சிரிக்க முடியவில்லை. நல்ல கையை உடையவள் ஒருத்தி, தன் கையையே சந்தேகப்பட்டு, நோய் நொடி இல்லாத ஒரு மனுஷனைத் தினமும் குத்திக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டின் வெளிச்சமும், நீட்டிய கையும், பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளும் அவள் கண்முன் வந்தன. அங்கே தானும் நிற்பதாகத் தோன்றியது. யார் கண்ணுக்கும் தெரியாமல், சுவரோடு சுவராக.

"ஒரே ஒரு உதவிக்கா" என்றாள் புதியவள். "உங்க கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். பாத்தாப் புரியல. என் கைல குத்திக் காட்டுங்க."

மறுக்க நூறு காரணம் உண்டு. ஒன்றும் வாயில் வரவில்லை. மத்தியானம்தானே, கை திறந்திருக்கிற நேரம்தானே என்று ஒரு சபலமும் இருந்தது. அதற்குள் புதியவள் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள். கொசு அக்கா ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தடவினாள். சுமாரான நரம்பு, ஆழத்தில் இருந்தது, அவளுடைய பழைய நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பாள். கொஞ்ச நாளாக இப்படிப்பட்ட கையைத் தொடவே இல்லை. தோலை இழுத்துப் பிடித்தபோது கட்டைவிரலின் அடியில் யாரோ ஆப்பு இறக்கினாற்போல் இருந்தது. பிடி தளர்ந்தது. ஊசி உள்ளே போய் நரம்பை விட்டு விலகியது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். உள்ளேயே ஊசியைத் திருப்பித் தேடினாள். யாருக்கும் செய்யக் கூடாது என்று அவள் எல்லோரையும் அதட்டுகிற காரியம். புதியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது. பஞ்சின் அடியில் தோல் உடனே ஊதிப் புடைத்தது.

"என் நரம்பு எப்பவும் இப்படித்தான்கா, சனியன்" என்றாள் புதியவள். "உங்களுக்கே வரலைன்னா யாருக்கு வரும். ஸாரிக்கா."

மன்னிப்புக் கேட்டது அவள். கொசு அக்கா ஊசியை வைத்துவிட்டு, கையைக் கோட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு, ஐஸ் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. அழுதால் தனக்குத்தானே இரக்கம் காட்டினாற்போல் ஆகும், அதற்குக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று பட்டது.

அன்று சாயங்காலம் கணவர் வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.  கிழவி, குழந்தை, கடப்பாரை, டாக்டரம்மாவின் அறை, முழுக்கைச் சட்டை, புதியவள் கேட்ட மன்னிப்பு. சொல்லி முடித்ததும், வழக்கம்போல அவர் ஏதாவது சின்னதாகக் கேலி செய்து பாரத்தைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தாள் போல. அவர் காலடியில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்தார். மடித்தார்.

"வலி உன்னுது. அதை ஏன் அவ தலையில கட்டின?" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து போய் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கழுவி, காலைக்காக அடுப்புப் பக்கத்தில் எடுத்து வைத்தார். இத்தனை நாளாக வலியை மறைக்கிறோம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மறைக்கவில்லை, கை மாற்றிவிட்டிருக்கிறாள். ரத்தம் எடுக்க வந்த கிழவிக்குக் கொஞ்சம், குழந்தைக்குக் கொஞ்சம், முகம் தெரியாத ஒரு மனுஷனின் இரண்டு கைக்கும் கொஞ்சம்.

மறுநாள் காலை முதல் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் காலை வாரிவிட்டன. மூட்டு, மாத்திரை, சுவரோர நாற்காலி என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கையைக் காட்டச் சொன்னார்.

அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கையை நீட்டச் சொன்னவள். தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தபோது நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல் கூசியது. முட்டிகள் சிவந்து பளபளத்தன. விரல்கள் லேசாக ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்தன. டாக்டரம்மா தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உடம்பு சரியில்லன்னு சொல்றது தப்பில்ல. நான் கேட்டப்ப நீங்க சொன்ன பதில்தான் தப்பு" என்றார் கடைசியில்.

பிறகு காரியங்களைப் பேசினார். அன்றிலிருந்தே அவள் ஊசியைத் தொடக் கூடாது. பதிவு மேஜையில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அங்கே உட்காரலாம். ஜன்னல் நாற்காலிக்கு வேறு ஆள் வரும்வரை புதியவளே இரண்டையும் பார்த்துக்கொள்வாள், அவள் வேலையும் இனி நிரந்தரம். புதியவளிடம் தானே பேசுவதாக டாக்டரம்மா சொன்னபோது கொசு அக்கா தலையை அசைத்து மறுத்தாள். அதை மட்டும் தன்னிடம் விட்டுவிடச் சொன்னாள்.

கூட்டம் கலைந்ததும், குழாய்களை அடுக்கி உள்ளே அனுப்புகிற சின்ன அறையில் வைத்துச் சொன்னாள். புதியவள் முழங்கையின் உள்பக்கம் நேற்றைய காயம் கத்திரிக்காய் நிறத்தில் பரவியிருந்தது. அவள் குழாய்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். பாதியில் அடுக்குவது நின்றது.

"என் கை நல்ல கையா?" என்று கேட்டாள்.

"நல்ல கை. மொத நாளே தெரியும்."

"மொத நாளே."

"ம்."

புதியவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொசு அக்கா நிமிர்ந்து நின்றிருப்பாள். ஒரு குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ரத்தத்தைப் பிரிக்கிற இயந்திரம் சுழன்று முடித்து நின்றது. 

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் இதை எப்படிப் போய்ச் சொல்றது?" என்றாள் புதியவள். பதிலை எதிர்பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதிவு மேஜை வாசலுக்கு எதிரே, எல்லோர் கண்ணும் முதலில் விழுகிற இடத்தில் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும், என்ன கொசு அக்கா இங்க உக்காந்துட்டீங்க என்று கேட்டார்கள். முதல் இரண்டு ஆளுக்கு ஏதோ சொல்லி மழுப்பினாள். மூன்றாவது ஆளிடம், கையில முடக்குவாதம், ஊசி பிடிக்க முடியல என்றாள். சொல்லும்போது காது மடல் சூடேறியது. ஐயோ பாவம் என்றார் ஒருவர். வயசாச்சுல்ல என்றார் இன்னொருவர். தன் பாட்டன் ஏதோ எண்ணெய் தடவினார் என்றார் வேறொருவர். சர்க்கரை கோஷ்டியில் ஒரு பெரியவர், அப்ப எங்களை எல்லாம் கடப்பாரைகிட்ட தள்ளிட்டீங்களா என்று கேட்டபோது, அவள் எழுந்து நின்றாள். அந்தப் பேர் வரக் காரணம் நான்தான், இனி அதைச் சொல்லாதீங்க என்றாள். அவர் புரிந்தும் புரியாமலும் தலையாட்டினார்.  ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வெட்கம் குறையும் என்று நினைத்தாள். குறையவில்லை. ஆனால் அது அவளிடமே தங்கியது. வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை.

புதியவள் சீக்கிரத்திலேயே தேறிவிட்டாள். இப்போது சுலபமும் கஷ்டமும் கலந்து வந்தன. கோட்டில் கை துடைப்பது நின்றது. ஒரு நாள் உள்ளே இருந்து அவள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. பதிவு மேஜையோடு மட்டும் அவளுக்கு வேலைப் பேச்சுதான். அடுத்த ஆளை அனுப்புங்க, மேடம். இந்தச் சீட்டுல வயசு விட்டுப்போச்சு, மேடம். அக்கா என்ற சொல்லை அவள் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டாள். அதைத் திருப்பிக் கேட்கிற தைரியம் கொசு அக்காவுக்கு இல்லை. கேட்டு வாங்குகிற பொருளும் அல்ல அது.

பிறகு வந்த ஒரு குளிர் காலையில் மூட்டுகள் மிகவும் முரண்டு பிடித்தன. வலிக்கான மாத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். அசையவில்லை. மேல்கோட்டின் நுனியைச் சுற்றித் திருகினாள். வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் என்றால் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கியிருப்பாள். சீட்டு வாங்கப் புதியவள் மேஜைப் பக்கம் வந்தாள்.

"இதைக் கொஞ்சம் திறந்து குடுக்கிறியா?" என்றாள் கொசு அக்கா. கேட்டபோது அவள் பாட்டிலைத்தான் பார்த்தாள், முகத்தை அல்ல.

புதியவள் பாட்டிலை வாங்கினாள். மூடி ஒரே திருகலில் கழன்றது. அதைக் கொசு அக்காவின் கையில் கொடுக்கவில்லை, மேஜைமேல் வைத்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு ரெண்டு எட்டு போனவள், திரும்பாமலே நின்றாள்.

"வீட்டுலேயே லேசாத் திருகி வச்சுக் கொண்டு வாங்க, மேடம். காலைல இங்க யாரும் சும்மா இருக்க மாட்டாங்க."

சரி என்றாள் கொசு அக்கா. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அத்தனை பேர் பார்க்க, குடித்தாள்.